பட்டறைக்கு முதலில் வாங்க வேண்டியது

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக எஃகுக் கம்பி கிட்டார் வாசித்து வருகிறேன். கடந்த ஓராண்டாக விடுமுறை நாள்களில் ஒரு தச்சரிடம் வேலை பழகியதில் சிறிய மேசை, அலமாரி செய்யும் அளவுக்குக் கை வந்திருக்கிறது. இனி என் கையாலேயே ஒரு கிட்டார் செய்துவிட வேண்டும் என்று ஆசை. வீட்டில் 3 மீட்டருக்கு 3.5 மீட்டர் அளவில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அடுத்த அறையில் ஆஸ்துமா உள்ள என் தாயார் இருக்கிறார். பேண்ட்சா, டிரம் சாண்டர், டிரில் பிரஸ், ரவுட்டர், தூசி உறிஞ்சும் இயந்திரம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன்; கையில் இருக்கும் பணம் அதில் பாதிக்குத்தான் போதும். எதை முதலில் வாங்கலாம்? ஆசையில் ஒரு ரோஸ்வுட் பலகைத் தொகுதியை முன்னதாகவே வாங்கிவிட்டேன். அதை முதல் கிட்டாருக்கே பயன்படுத்தலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் பட்டியலில் உள்ள ஐந்து இயந்திரங்களும் என் பட்டறையிலும் இருக்கின்றன. ஆனால் அவை வந்து சேரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின, அதற்கு முன் அவற்றில் எதுவும் இல்லாமலேயே நான்கு கிட்டார்களைச் செய்து முடித்திருந்தேன். அந்த நான்கில் முதலாவது பிளந்துபோனது. அதற்குக் காரணம் இயந்திரம் இல்லாததோ, கைத்திறன் குறைவோ அன்று. அறையின் காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று எனக்குத் தெரியாமல் இருந்ததுதான். ஆகவே நீங்கள் முதலில் வாங்க வேண்டியது உங்கள் பட்டியலிலேயே இல்லாத, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருள்: ஈரப்பதமானி. நகைச்சுவைக்காக இதைச் சொல்லவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பட்டறையின் மற்ற ஏற்பாடுகள் யாவும் இதைச் சார்ந்தே அமைய வேண்டும்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். வாங்கினால் விரியும், விட்டால் சுருங்கும் என்பது நீங்கள் தச்சரிடம் கற்றதுதான். நாரின் நீளவாக்கில் இந்த அசைவு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுக்குக் குறைவு. அசைவெல்லாம் நாருக்குக் குறுக்கே. அலமாரிக் கதவில் இதற்கு இடைவெளி விட்டு, சட்டத்துக்குள் பலகையை மிதக்க விட்டுவிடலாம். கிட்டாரில் அது முடியாது. ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான கனமும் உள்ள மேற்பலகையின் உட்புறத்தில், அதன் நாருக்குக் குறுக்காகத் தாங்குசட்டங்களைப் பசையிட்டு ஒட்டி, சுற்றிலும் பக்கப்பலகைகளோடு பிணைத்தும் விடுகிறோம். தாங்குசட்டம் தன் நீளவாக்கில் சுருங்காது; அதன் மேல் ஒட்டிய பலகையோ சுருங்கியே தீரும்.

எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் நாளில் மரத்தின் ஈரம் அதன் எடையில் சுமார் 16 விழுக்காட்டில் நிலைகொள்ளும். 45 விழுக்காட்டுக் காற்றில் அது 8 அல்லது 9 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஆரவாக்கில் (மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி) அறுத்த, மேற்பலகைக்குப் பயன்படும் ஸ்புரூஸ் பலகை, தன் ஈரத்தில் ஒவ்வொரு விழுக்காடு குறையும்போதும் அகலத்தில் ஏறத்தாழ 0.15 விழுக்காடு சுருங்கும். ஏழு விழுக்காடு குறைந்தால் 400 மில்லிமீட்டர் பலகையில் 4 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். தாங்குசட்டம் விட்டுக்கொடுக்காதபோது, அந்த 4 மில்லிமீட்டரை மரம் எங்கிருந்து எடுக்கும்? முதலில் மேற்பலகையின் புடைப்பு அமுங்கித் தட்டையாகும். கம்பிகள், கழுத்தின் மேல் உலோகக் கட்டைகள் (ஃப்ரெட்) பதித்த ஃப்ரெட் பலகையோடு உரசத் தொடங்கும். அதற்கும் மேல் போனால் பலகை நடுவில் பிளக்கும். என் முதல் கிட்டாரை அடைமழை நாள்களில் ஒட்டி முடித்து, ஐந்து மாதம் கழித்து வெயில் நாள் ஒன்றில் பெட்டியைத் திறந்தபோது, மேற்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் அடியிலிருந்து வால்பகுதியை நோக்கி ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருந்தது. முடி என்று நினைத்துத் துடைத்தேன்.

கிட்டார் செய்பவர்கள் பலரும் 45 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில் ஒட்டுவேலையை வைத்துக்கொள்வது இதனால்தான். ஓரளவு வறண்ட காற்றில் ஒட்டிய கிட்டார் பிற்பாடு ஈரமான இடத்துக்குப் போனால் மேற்பலகை கொஞ்சம் உப்பும், கம்பியின் உயரம் கூடும், ஒலி சற்று மந்தமாகும், ஆனால் பிளக்காது. ஈரமான காற்றில் ஒட்டியது வறண்ட இடத்துக்குப் போனால் பிளக்கும். தவறுவதாக இருந்தால் வறட்சியின் பக்கம் சற்றே தவறுவது நல்லது.

ஈரப்பதமானி வாங்கியதும் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒரு புட்டிமூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு போல ஆகும் அளவுக்கு மட்டும் சில துளி நீர் விட்டு, அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத ஒரு டப்பாவுக்குள் ஓர் இரவு மூடி வையுங்கள். உப்பு கரைந்து செறிந்த நீருக்கு மேல் நிற்கும் காற்றின் ஈரப்பதம் சாதாரண அறை வெப்பத்தில் 75 விழுக்காடாக இருக்கும். காலையில் கருவி 70 என்று காட்டினால் அது 5 குறைத்துச் சொல்கிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடலாம். இன்னொரு சோதனை அதைவிட எளியது. மெல்லிய பலகை ஒன்றை அறையில் வைத்து, அரை கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் நாள்தோறும் நிறுத்து, எடையைப் பலகையின் மேலேயே பென்சிலால் குறித்து வாருங்கள். தொடர்ந்து நான்கைந்து நாள்கள் எடை மாறாமல் இருந்தால் மரம் அந்த அறையின் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள். அதுவரை எந்தப் பலகையையும் ஒட்டக் கூடாது.

உங்கள் அறை ஏறத்தாழ 10 சதுர மீட்டர். அதனைக் கட்டுப்பாட்டில் வைப்பது கடினமன்று. கதவு, சன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டி அடைத்து, காற்று ஈரமான இடமானால் ஈரம் நீக்கும் இயந்திரம் ஒன்றையும், வறண்ட இடமானால் ஈரமூட்டும் இயந்திரம் ஒன்றையும் வாங்குங்கள். ஆண்டின் ஒரு பாதி ஒன்றும் மறுபாதி மற்றொன்றுமாகத் தேவைப்படும் இடங்களும் உண்டு. இயந்திரங்களுக்கென்று நீங்கள் ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு இதற்குப் போக வேண்டும். அதுவும் இயலாது என்றால், ஆள் உயர அலமாரி ஒன்றின் இடுக்குகளை அடைத்து, பலகைகளையும் ஒட்டி முடித்த பாகங்களையும் அதற்குள் மட்டும் சரியான ஈரப்பதத்தில் வைத்துக்கொள்ளலாம். கழுத்தைச் செதுக்குவது, அச்சுகள் செய்வது, ஃப்ரெட் பலகையில் காடி அறுப்பது போன்றவற்றை எந்த நாளிலும் செய்யலாம். மேற்பலகையிலும் முதுகுப்பலகையிலும் தாங்குசட்டம் ஒட்டுவது, கிட்டாரின் உடலான பெட்டியை மூடுவது ஆகிய வேலைகளுக்கு மட்டும் நாள் பார்க்க வேண்டும். நல்ல நேரம் பார்ப்பதில் நம்மவர்களுக்குப் பழக்கம் உண்டு. இங்கே பஞ்சாங்கத்துக்குப் பதில் ஈரப்பதமானி, அவ்வளவே.

அடுத்தது உங்கள் தாயார். கேள்வியில் அவரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். பட்டறையின் அமைப்பைத் தீர்மானிக்கும் வரி அதுதான். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அந்த மதிப்பீடு 1995-இல் வெளியானது. ஆஸ்துமா உள்ளவருக்கோ அவ்வளவு நாள் காத்திருக்கவே வேண்டாம், ஒரு மாலை நேரத்து உப்புத்தாள் வேலை போதும். கண்ணுக்குத் தெரியும் சுருள்களும் தரையில் கூட்டும் தூளும் பெரிய தொல்லையில்லை. தொல்லை தருவது, வேலை முடிந்து விளக்கை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும் மென்தூள். இதைச் சுவரில் ஒரு வெளியேற்று விசிறி வைத்து வெளியே தள்ளிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த விசிறி, பாடுபட்டு நீங்கள் பதப்படுத்திய காற்றையும் சேர்த்து வெளியே கொட்டி, வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். வீட்டுப் பட்டறையில் இந்த இரண்டு தேவைகளும் எப்போதும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கும்.

நான் கண்ட தீர்வு, தூளைப் பிடிப்பதைவிடத் தூள் எழாமல் பார்த்துக்கொள்வது. இழைப்புளியிலிருந்து சுருள் வரும். நன்றாகத் தீட்டிய சுரண்டுதகட்டிலிருந்து வெங்காயத் தோல் போன்ற இழை வரும். இரண்டும் நேரே தரைக்குப் போய்விடும். உங்கள் பட்டியலில் இருக்கும் டிரம் சாண்டரோ பலகையின் கனத்தை முழுக்க முழுக்க மென்தூளாக மாற்றுவதற்கென்றே உண்டான இயந்திரம். அதை வாங்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. பக்கப்பலகைகளையும் முதுகுப்பலகையையும் வேண்டிய கனத்துக்கு அருகில் இழைத்தே தரும் மர வணிகர்கள் உண்டு. முதல் இரண்டு மூன்று கிட்டார்களுக்கு அப்படி வாங்கிக்கொண்டு, எஞ்சிய அரை மில்லிமீட்டரைக் கையால் இழைத்து எடுங்கள். உப்புத்தாள் வேலை தவிர்க்க முடியாதபோது அதை வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில், முகத்தில் நன்கு பொருந்தும் என்95 முகக்கவசமோ அதனினும் மேலான பி100 வடிகட்டியோ அணிந்து செய்யுங்கள். உறிஞ்சும் இயந்திரம் வாங்குவதாக இருந்தால் மென்தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய சிறியது போதும், அதன் குழாய் வாய் ரவுட்டரின் வெட்டுவாயோடு ஒட்டி நிற்க வேண்டும்; இரண்டடி தள்ளி நின்றால் பயனில்லை. பட்டறைக்கென்று தனிச் சட்டை ஒன்றை வைத்துக்கொண்டு, அதை அறையிலேயே கழற்றிவிட்டு வெளியே வாருங்கள். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும், அந்த அறையில் இப்படி ஒரு வேலை நடக்கப்போகிறது என்பதைத் தாயாரின் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி அவர் கருத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ரோஸ்வுட் பற்றிய கேள்விக்கும் பாதி விடை வந்துவிடுகிறது. ரோஸ்வுட்டின் தூளில் தோலையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும் பொருள்கள் உள்ளன. தொடக்கத்தில் ஒன்றும் செய்யாததுபோல இருந்து, பழகப் பழக ஒவ்வாமையாக முற்றும் தன்மை அதற்கு உண்டு. தச்சு வேலையில் சாதாரண மரத்தைக் கையாண்டு பழகிய கைக்கு இது புதிது. வளைப்பதற்கு ரோஸ்வுட், மஹோகனியைவிட இணக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும் முதல் கிட்டாருக்கு மஹோகனியையோ வால்நட்டையோ எடுங்கள். ஒலி குறைந்துவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். நவீன கிட்டாரின் வடிவத்தை வகுத்துத் தந்த அந்தோனியோ தெ தோர்ரெஸ், ஒலிக்குப் பெரும்பொறுப்பு மேற்பலகைதான் என்பதைக் காட்ட 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழால் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தில் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். அது பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல மேற்பலகைக்குக் காசைச் செலவிடுங்கள், மற்றவற்றில் மிச்சம் பிடியுங்கள்.

இனி அறைக்குள் வருவோம். முதலில் மேசை. அதைச் சுவரோரம் போடாதீர்கள். அறையின் நடுவில், நான்கு பக்கமும் நீங்கள் சுற்றி வரும்படி போடுங்கள். அலமாரி செய்யும்போது பலகையைத் திருப்பிக்கொள்ளலாம். கிட்டாரின் பெட்டியை மேசையில் பிடித்து வைத்த பிறகு திரும்ப வேண்டியது நாம்தான். 60 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் உள்ள மேற்பரப்பு போதும், ஆனால் இழைப்புளியை அழுத்தித் தள்ளும்போது அசையாத எடை அதற்கு வேண்டும். உயரத்தைப் பொறுத்தவரை, தச்சர்கள் வழக்கமாக வைக்கும் உயரத்தைவிட நான் ஒரு சாண் கூட்டி வைத்திருக்கிறேன், ஏனெனில் இங்கே வலுவைச் செலுத்தும் வேலை குறைவு, குனிந்து கண்ணை ஒட்டிப் பார்க்கும் வேலை அதிகம். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். அதற்கு மேல் ஒரு மேசை விளக்கைப் பலகையோடு ஏறத்தாழப் படுக்கவைத்தாற்போல் தாழ்த்திப் பிடிக்கும் வசதி செய்துகொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் கண்ணாடி போலத் தெரியும் பலகையில், அந்தச் சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு கீறலும் நிழலோடு எழுந்து நிற்கும்.

கைக்கருவிகளில் உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் போதும். நடுத்தர இழைப்புளி ஒன்று, ஒரு கையில் அடங்கும் சிறிய இழைப்புளி ஒன்று, 6, 12, 25 மில்லிமீட்டர் உளிகள், மெல்லிய பல் கொண்ட இழுப்புவாள், சுரண்டுதகடு, 1000, 6000 என்ற நுண்மை எண்கள் கொண்ட தீட்டுக்கற்கள். கூடுதலாக வேண்டியவை மூன்று: 60 செ.மீ. நீளத்தில் பிசகில்லாத எஃகு நேர்விளிம்பு, டிஜிட்டல் காலிப்பர், பலகையின் நடுப்பகுதிக் கனத்தை அளக்க ஆழ்ந்த தாடையுள்ள கனமானி. கடைசியாகச் சொன்னதைப் பிளைவுட்டில் வளைந்த கவை ஒன்றை வெட்டி, அதன் நுனியில் டயல் மானி ஒன்றைப் பொருத்தி நீங்களே செய்துவிடலாம். நேர்விளிம்பு நேராக இருக்கிறதா என்று அறிய, அதை வைத்து ஒரு கோடு கிழித்து, விளிம்பைப் புரட்டி மறுபக்கத்திலிருந்து அதே கோட்டின் மேல் இன்னொரு கோடு கிழியுங்கள். இரண்டுக்கும் இடையில் பிறை போல வெள்ளை தெரிந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃப்ரெட் காடிகளை அறுப்பதற்கென்று, ஃப்ரெட் கம்பியின் அடிக்கு ஏற்ற ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் வெட்டு விடும் தனி வாள் வேண்டும். இதில் சமாதானம் செய்துகொள்ள முடியாது. இடங்களைக் குறிப்பதற்கான கணக்கு எளியது. கம்பியின் அதிரும் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் தொலைவு. மீதி நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 645 மில்லிமீட்டர் நீளத்துக்கு முதல் ஃப்ரெட் 36.20-இல் வரும், இரண்டாவது அதிலிருந்து 34.17 தள்ளி வரும், பன்னிரண்டாவது சரிபாதியில், 322.5-இல். ஆனால் குறிக்கும்போது ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளக்கக் கூடாது. எல்லாத் தொலைவுகளையும் கூட்டி வைத்துக்கொண்டு, கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் தங்கும் கட்டையான நட்டிலிருந்தே ஒவ்வொன்றையும் அளந்து குறிக்க வேண்டும். இல்லையெனில் பென்சில் முனையின் பத்தில் ஒரு மில்லிமீட்டர்ப் பிழை இருபது முறை சேர்ந்துவிடும்.

ஒட்டும்போது பிடித்து வைக்கும் கிளாம்ப்கள் எத்தனை வாங்கினாலும் போதாது என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. பக்கப்பலகையின் உள்விளிம்பில் ஒட்டும் கீறல் பட்டைகளுக்கு (எளிதில் வளைய இடையிடையே கீறிய மரப்பட்டைகள்), ரப்பர் வளையம் சுற்றி இறுக்கிய துணிக் கிளிப்புகள் நாற்பது ஐம்பது போதும். தாங்குசட்டங்களுக்கு 'கோ-பார்' என்ற பழைய உத்தி இருக்கிறது: இரண்டு தடித்த பலகைகளைத் தூண்கள் வைத்து 60 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, கீழ்ப்பலகையில் வேலையை வைத்து, அந்த இடைவெளியைவிட இரண்டு மூன்று செ.மீ. நீளமான மூங்கில் சிம்புகளை வளைத்துச் செருகினால், அவை நிமிர முயன்று தாங்குசட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மேற்பலகைக்கு ஏறத்தாழ 8.5 மீட்டர் ஆரமும், முதுகுப்பலகைக்கு 4.5 மீட்டர் ஆரமும் கொண்ட குழிவான தட்டு ஒவ்வொன்றை அடியில் வைத்தால் வேண்டிய புடைப்பும் அதிலேயே வந்துவிடும். என் பட்டறையில் மிகக் குறைந்த செலவில் அமைந்து, மிக அதிகமாக உழைத்த பொருள் இதுதான்.

வளைப்பதற்கு மின்கம்பளமும் அச்சும் கொண்ட இயந்திரம் வேண்டாம்; 5 அல்லது 6 செ.மீ. விட்டமுள்ள உலோகக் குழாய் ஒன்றை மேசைப் பிடியில் இறுக்கி, உள்ளே வெப்பமூட்டி வைத்தால் போதும். நீர்த்துளியைத் தெளித்தால் அது ஒட்டாமல் துள்ளி ஓட வேண்டும், அதுதான் பதம். 2 மில்லிமீட்டருக்கு இழைத்த பக்கப்பலகையை லேசாக ஈரமாக்கி, இடைப்பகுதியின் வளைவை முதலில் எடுங்கள். பலகையைக் குழாயின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருக்கும்போது முதலில் அது முரண்டு பிடிக்கும். ஈரம் சீறி ஆவியாகும். பிறகு ஒரு கணத்தில், நாம் கூடுதலாக அழுத்தாமலேயே, மரம் தானாகக் கீழே இறங்கும். அந்தக் கணத்தை விரல்கள் அறிந்துகொள்ளும் வரை கழிவுப் பட்டைகளில் ஒரு பத்துமுறையாவது பழகுங்கள். அவசரப்பட்டு அந்தக் கணத்துக்கு முன்பே அழுத்தினால் 'டப்' என்று முறியும். மஹோகனியும் இதற்கு விலக்கில்லை. குழாய் சூடாக இருக்கும்போது பக்கத்தில் ஸ்பிரிட், தின்னர் எதுவும் இருக்கக் கூடாது.

பசைக்கு, விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வச்சிரப்பசைதான் மரபு என்று ஆர்வத்தோடு அதில் இறங்கிவிடாதீர்கள். 60 பாகை செல்சியஸில் காய்ச்சி வைத்து, குளிர்வதற்குள் சில நொடிகளில் பொருத்தி முடிக்க வேண்டிய பசை அது. இரண்டாவது கிட்டாருக்கு வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு டைட்பாண்ட் ஒரிஜினல் போன்ற மஞ்சள் மரப்பசை போதும். சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம். எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கும், அந்த இடையறாத இழுப்பில் வெள்ளைப் பசை மெல்ல மெல்ல நழுவும். பிரிட்ஜ் முன்னோக்கிச் சாய்ந்த பிறகுதான் அது தெரியவரும்.

மெருகுக்குத் தெளிப்பானால் அடிக்கும் நைட்ரோ லாக்கரை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், உங்கள் தாயாருக்கும் ஆகாது. செதில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொதியால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றும் பழைய முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். நாள் பிடிக்கும், ஆனால் தெளிப்பான் வேண்டாம், பழுதானால் அந்த இடத்தை மட்டும் திரும்பப் பூசிவிடலாம். ஸ்பிரிட்டும் தீப்பற்றும் என்பதால் சன்னலைத் திறந்து வையுங்கள். ஆளி எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும், அல்லது நீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். ஐந்தில் முதலில் ஒன்றே ஒன்று வாங்குவதானால், ஒற்றைக் கையால் பிடிக்கும் சிறிய டிரிம் ரவுட்டரை வாங்குங்கள். ஒலித்துளையைச் சுற்றிய வளைய வேலைப்பாட்டுக்கும், ஓரப்பட்டைக்கான காடிக்கும், கழுத்தின் வளைவைத் திருத்தும் உலோகக் கம்பியான டிரஸ் ராடைக் கழுத்துக்குள் பதிக்கும் பள்ளத்துக்கும் அது பயன்படும். காதடைப்பான் இல்லாமல் அதை இயக்க வேண்டாம். டிரில் பிரஸ் வேலையைச் சாதாரணக் கைத்துளைப்பான் ஒன்றும் பொறுமையும் முடித்துவிடும். பேண்ட்சாவை இரண்டாவது கிட்டாருக்குப் பிறகு வாங்கலாம். அதற்குள் எவ்வளவு பெரியது உங்களுக்குத் தேவை என்பதும், அதை வைத்த பிறகு மேசையைச் சுற்றி நடக்க இடம் இருக்குமா என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நைலான் தந்தி கிட்டாரைத்தான் முதலில் செய்ய வேண்டும், அதற்கு டிரஸ் ராட் தேவையில்லை, இழுப்பும் குறைவு என்று சிலர் அறிவுரை சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பதினைந்து ஆண்டுகளாக எஃகுக் கம்பிதான் உங்கள் விரலில் இருக்கிறது. கழுத்து எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை எந்த வரைபடத்தையும்விட அந்த விரல்கள் துல்லியமாகச் சொல்லும். கழுத்தை மட்டும் பசையால் ஒட்டாமல் போல்ட் கொண்டு பிணையுங்கள். முதல் கிட்டாரில் கழுத்தின் சாய்வுக்கோணம் அநேகமாகத் தவறும். போல்ட் இருந்தால் கழற்றி, அது பெட்டியோடு சேரும் குதிகாலில் சீவிச் சரிசெய்து, மீண்டும் பூட்டிவிடலாம்.

வாங்கி வைத்த ரோஸ்வுட் வீணாகாது. பலகைகளின் இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவி, ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஒரே கனமுள்ள சிறு குச்சிகளை நாருக்குக் குறுக்காகவும், மேலிருந்து கீழ்வரை ஒன்றின் நேராக ஒன்று வரும்படியும் வைத்து அடுக்கி, மேலே தட்டையான கனத்த பலகை ஒன்றைப் பாரமாக ஏற்றி, சுவரை ஒட்டாமல் அலமாரியில் வையுங்கள். வாங்கியதற்கான ரசீதையும் அதோடு வையுங்கள். ரோஸ்வுட் அடங்கிய டால்பெர்கியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி முதல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வந்துவிட்டது. 2019 நவம்பரிலிருந்து முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ள பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அது பொருந்தாது; வெறும் பலகையாக எல்லை தாண்டும்போது மற்றவற்றுக்கும் அனுமதி கேட்பார்கள். அடுக்கி வைத்த நாளையும் அன்றைய எடையையும் மேல்பலகையில் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து நிறுத்துப் பாருங்கள்.